எலும்புக்கு வீரம் தெரியாது

2018-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஜப்பானில், ஃபுகுவோகா மாகாணத்தில், பெண்களுக்கான ஒரு தொடர் ஓட்டப் பந்தயம் நடந்தது. 'எகிடென்' என்று அந்த ஓட்டத்துக்குப் பெயர். நம் பள்ளிக்கூடத்துத் தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கைமாற்றுகிற மாதிரி, அங்கே தோளில் குறுக்காகப் போட்டிருக்கும் துணிப் பட்டையைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். அதில் ஓடிய 19 வயதுப் பெண் ஒருத்தி, தன் பங்கு முடிய இன்னும் இருநூறு முந்நூறு மீட்டர் இருக்கும்போது விழுந்துவிட்டாள். வலது கால் எலும்பு முறிந்துவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. பட்டையைக் கொடுத்தாக வேண்டுமே! கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தார் ரோட்டில் தவழ ஆரம்பித்தாள். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. நிறுத்தச் சொல்லி அவளுடைய பயிற்சியாளர் அனுப்பிய தகவல் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் அவள் தவழ்ந்தே போய்ப் பட்டையைக் கொடுத்துவிட்டாள்.

இந்தக் காட்சியை, சோக வாத்தியமும் சேர்த்து, எனக்கு மட்டும் இதுவரை ஏழெட்டுப் பேர் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் உபாத்தியாயர்கள். ஒருவர் பாங்கி மானேஜர். இன்னொருவர் என் கதைகளைத் தவறாமல் படித்துவிட்டுக் கடிதம் எழுதுகிற ஓர் அம்மாள். 'இதுவல்லவா விடாமுயற்சி!' என்பதுதான் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் கீழே எழுதியிருந்த வாசகம். ஜப்பானில்கூட 'ஏன் தடுத்து நிறுத்தவில்லை?' என்று கேட்டவர்கள் உண்டு. நம் ஊரில் அப்படிக் கேட்ட ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் கிடையாது. 19 வயதில், காமிராவுக்கு முன்னால், தனக்காகக் காத்து நிற்கிற தோழியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே 'என்னால் முடியாது' என்று சொல்லுகிற துணிச்சல் யாருக்கு வரும்? அவளுடைய எலும்பு எதனால் முறிந்தது என்ற ஆராய்ச்சியிலும் நான் இறங்கப் போவதில்லை. என் சண்டை கைதட்டியவர்களோடு. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையில் காபி டம்ளரோடு, அடுத்த வீட்டுப் பெண்ணின் கால் எலும்பைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறவர்களோடு.

இதில் என்ன அப்படிப் பெரிய குற்றம் என்று கேட்பீர்கள். குற்றம்தான். ஏனென்றால் அந்தக் கைதட்டல் அதோடு நிற்பதில்லை. அது மைதானத்துக்குப் போகிறது. பயிற்சி கொடுக்கிறவரின் வாயில் போய் உட்காருகிறது. 'அவள் முறிந்த காலோடு தவழ்ந்தாள், உனக்குக் கொஞ்சம் வலித்தால் நொண்டுகிறாயா?' என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

ஓடுகிறவர்களுக்கு வருகிற ஒரு கேடு இருக்கிறது. 'ஸ்ட்ரெஸ் பிராக்சர்' என்பார்கள் டாக்டர்கள். மாடியிலிருந்து விழுந்ததாலோ மோட்டார் மோதியதாலோ வருகிற முறிவல்ல. ஒரே இடத்தில் ஆயிரம் தடவை, பதினாயிரம் தடவை விழுகிற சின்னச் சின்ன அடி சேர்ந்து எலும்பிலே மயிரிழையாக ஒரு விரிசல் விடுகிறதே, அது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கையால் தடவினால் தட்டுப்படுகிற எலும்பிலும், பாதத்தின் நடுவில் உள்ள நீண்ட எலும்புகளிலும்தான் இது அதிகம். தொடை எலும்பின் கழுத்திலும் வருவதுண்டு. அங்கே வந்தால் விளையாட்டில்லை, கவனிக்காமல் விட்டால் முழுக்க முறிந்து ஆபரேஷனில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆரம்பத்தில் ஓடி முடித்தபின் கொஞ்சம் வலிக்கும். பிறகு ஓடும்போதே வலிக்கும். அப்புறம் நடந்தால் வலிக்கும். கடைசியில் ராத்திரி படுக்கையிலும் வலிக்கும். வலிக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். கால் நெடுகப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் வேறு சமாசாரம். ஒரே புள்ளியில், விரல் பட்டதும் ஆளைத் தூக்கிவாரிப் போட்டால் சந்தேகப்பட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள வைத்தியக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. நானே கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன்.

எலும்பு என்றால் நமக்குச் சுடுகாட்டு ஞாபகம்தான் வருகிறது. வெள்ளையாய், காய்ந்து, உயிரில்லாமல் கிடக்கிற ஒரு வஸ்து. சரீரத்துக்குள்ளே இருக்கிற எலும்பு அப்படியல்ல. அது எந்நேரமும் கொத்தனார் வேலை நடந்துகொண்டிருக்கிற வீடு. பழைய காரையை இடித்து எடுக்கிற அணுக்கள் ஒரு கோஷ்டி. அந்த இடத்தில் புதுச் சுவர் எழுப்புகிற அணுக்கள் ஒரு கோஷ்டி. ஓடும்போது எலும்புக்குள் நுண்ணிய பழுதுகள் உண்டாகின்றன. உடனே இடிக்கிற கோஷ்டி வந்துவிடுகிறது. அதற்குச் சுமார் மூன்று வாரம் போதும். பின்னால் வருகிற கட்டுகிற கோஷ்டிக்கு மூன்று மாதம் போல ஆகும். எந்த ஊரிலும் இடிப்பது சுருக்காக நடக்கும், கட்டுவதுதான் இழுக்கும். உடம்பிலும் அதே கதைதான்.

ஆகவே, புதிதாகவோ அதிகமாகவோ ஓட ஆரம்பித்தவனுக்கு நடுவில் ஒரு காலம் வருகிறது. பழைய சுவரை இடித்தாயிற்று. புதுச் சுவர் இன்னும் எழும்பவில்லை. அந்தச் சமயத்தில் அவனுடைய எலும்பு, அவன் ஓட ஆரம்பிப்பதற்கு முன் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது! அவனுக்கு அது தெரியாது. மூச்சு நன்றாக வாங்குகிறது, தொடை இறுகியிருக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் பெருமையாக இருக்கிறது. எலும்புக்குள் மட்டும் சாரம் கட்டி நிற்கிறது. அந்தச் சாரத்தின்மேல் ஏறிக் குதிக்கச் சொல்லுகிறதுதான் நீங்கள் புகழ்கிற விடாமுயற்சி.

ஓய்வு என்பதை நாம் வேலை செய்யாத நேரம் என்று நினைக்கிறோம். எலும்பைப் பொறுத்தவரை கட்டுகிற கோஷ்டிக்கு அதுதான் வேலை நேரம். சரீரம் ராத்திரி பகலாக உழைத்துக்கொண்டிருக்க, அதன் சொந்தக்காரியைச் சோம்பேறி என்று திட்டுகிறார்கள்.

இது நேற்றைய கண்டுபிடிப்பும் அல்ல. 1855-ஆம் வருஷமே, பிரஷ்ய ராணுவத்தில் வைத்தியராக இருந்த பிரைட்ஹாப்ட் என்பவர், நீண்ட தூரம் அணிவகுத்து நடக்கிற புதுச் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். எலும்பில்தான் கோளாறு என்று அப்போது யாருக்கும் தெரியாது. ரண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். அதற்கு இரண்டு வருஷம் கழித்து 1897-இல்தான் அந்த வீங்கிய பாதங்களைப் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே எலும்பு முறிந்திருக்கிறது என்று கண்டார்கள். நடுவே 40 வருஷத்துக்கு மேல்! அந்த 40 வருஷமும் வீங்கிய காலோடு வரிசையில் பின்தங்கிய சிப்பாய்களை ஹவில்தார்கள் என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள் என்று ஊகிக்க நாவலாசிரியன் தேவையில்லை.

அந்த ஹவில்தார் இன்னும் சாகவில்லை என்பதுதான் என் வழக்கு.

என் அக்காள் மகள் ஒருத்தி இருக்கிறாள். ஒரு ஜில்லாத் தலைநகரில் கல்லூரியில் படிக்கிறாள். 5,000 மீட்டர் ஓடுகிறவள். விளையாட்டுக்காகக் கிடைத்த இடம், விடுதியும் அதன்பேரில்தான். போன வருஷம் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவளுடைய ஓட்டத்தைத் திடீரென்று ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர். மூன்றாவது வாரமே இடது காலில், முன் எலும்பில், ஓரிடத்தில் வலி. சொன்னாள். 'ஐஸ் வை' என்றார். மறுபடியும் சொன்னாள். 'எல்லோருக்கும்தான் வலிக்கிறது' என்றார். மூன்றாம் முறை சொன்னபோது எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை. அன்று மாலை முப்பது பேருக்கு முன்னால் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி, 'நாடகக்காரிக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்' என்றாராம்.

இங்கேதான் நான் ஒரு சின்ன உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. பிற்பாடு தெரிவதுகூட அநேகமாக விரிசலை அடைக்க உடம்பு பூசிய புதுப் பூச்சுதான். ஆரம்பத்திலேயே காட்டிக் கொடுப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கான். எலும்பு டாக்டர் யாரைக் கேட்டாலும் சொல்லுவார். இருபது வருஷமாக ஓட்டம் கற்றுக் கொடுக்கிற ஒருவர் யாரையும் கேட்டதில்லை.

அவள் அதற்கப்புறம் இன்னும் பன்னிரண்டு நாள் ஓடினாள். விடுதி போய்விடும் என்ற பயம். பதின்மூன்றாம் நாள் படி இறங்க முடியாமல் உட்கார்ந்தபின் எங்களுக்குப் போன் வந்தது. 'மாமா, நான் நடிக்கலை மாமா' என்பதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அந்தப் பதில்! ஸ்கான் எடுத்தோம். விரிசல் இருந்தது. டாக்டர் படத்தைக் காட்டி விளக்கியபோது அந்தப் பெண் அழுதாள், வலியினால் அல்ல. தான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி கிடைத்துவிட்ட நிம்மதி. எலும்பு முறிந்திருக்கிறது என்ற சமாசாரத்தைக் கேட்டு ஒரு குழந்தை நிம்மதியடைகிற நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்தவர்களுக்குப் பெயர் பயிற்சியாளர்களாம்!

சரி, உலகத்தில் வேறு விதமாக நடந்துகொண்டவர்களே இல்லையா? இருக்கிறார்கள். அதுவும் ராணுவத்தில். ஆஸ்திரேலியாவில், ராணுவத்தில் சேர்ந்த பெண்களுக்கு இடுப்பெலும்பில் இந்த மாதிரி விரிசல் நிறைய வந்தது. 100 பேரில் 11 பேருக்கு மேல். 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் செய்த காரியம் எழுதப்பட்டிருக்கிறது. அணிவகுத்து நடக்கிற வேகத்தை மணிக்கு ஏழரைக் கிலோமீட்டரிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். வரிசையை நெருக்கமாக வைக்காமல் இடம் விட்டு நிறுத்தினார்கள். ஆணின் காலடிக்கு இணையாக எட்டு வைக்காமல் அவளவள் காலுக்கு ஏற்ற எட்டு வைக்க விட்டார்கள். மூச்சு முட்ட ஒரேயடியாக ஓடுவதற்குப் பதிலாக விட்டு விட்டு ஓடச் செய்தார்கள். மருந்து மாத்திரை எதுவும் இல்லை. 11.2 சதவிகிதமாக இருந்த விரிசல் 0.6 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டது. பெண்கள் பலவீனமானவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், குற்றம் எலும்பில் இல்லை, எட்டுப் போட வைத்தவன் போட்ட கணக்கில் இருந்தது என்று கண்டார்கள். நம் மாஸ்டர்கள் ராணுவக் கட்டுப்பாட்டைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். இந்தக் கட்டுப்பாட்டையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

'ஒலிம்பிக்கிலேயே முறிந்த காலோடு ஓடவில்லையா?' என்று ஒருவர் என்னை மடக்கினார். ஓடியிருக்கிறார்கள். 2012-இல் லண்டனில் நாலு பேர் ஓடுகிற 400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில், மாண்டியோ மிட்செல் என்ற அமெரிக்கருக்குப் பாதி வழியில் கால் எலும்பு முறிந்தது. அப்படியே ஓடி முடித்தார். வாஸ்தவம்தான். ஆனால் முறிந்தது வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு. உடம்பின் பாரத்தில் மிகச் சிறு பங்கைத்தான் அது தாங்குகிறது. மறுநாள் இறுதிப் போட்டியில் அவரை ஓட விட்டார்களா என்று இந்த நண்பரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விடவில்லை, வேறு ஆள் ஓடினார், வெள்ளிப் பதக்கம் வந்தது. கதையின் இந்தப் பாதியை வாட்ஸப்பில் யாரும் சேர்ப்பதில்லை.

2008-இல் பீஜிங்கில் நடந்த பெண்கள் மாரத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப், உலக சாதனை வைத்திருந்தவர், அந்த வருஷம் தொடை எலும்பில் இதே விரிசலோடு கிடந்து, ஓடிப் பழக நாளில்லாமல் வந்து நின்றார். முடித்தார், 23-ஆவதாக. அதே பந்தயத்தில் அமெரிக்காவின் டீனா காஸ்டர், அதற்கு முந்திய ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர், ஐந்து கிலோமீட்டர் தாண்டுகையில் பாத எலும்பு முறிந்து வெளியேறினார். பாலா ராட்கிளிஃப் அந்த நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் முதலாவதாக வந்தார். பீஜிங்குக்கும் நியூயார்க்குக்கும் நடுவே இருந்தது 11 வாரம். ஆகஸ்டில் அந்த அம்மாளுக்கு மனோதிடம் குறைவாகவும், நவம்பரில் அதிகமாகவும் இருந்ததா? மனோதிடம் இரண்டு தடவையும் அதேதான். எலும்புக்கு வேண்டியிருந்த நாள் முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாம் தடவை கிடைத்தது.

இன்னொன்று சொல்லப் போகிறேன். கொஞ்சம் முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளலாம். ஓடுகிற பெண் பிள்ளைகளை இளைக்கச் சொல்லுகிறார்களே, அதைப் பற்றி. 'எடை குறைந்தால் வேகம் கூடும்' என்பது மைதானத்து வேதம். ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாவிட்டால் சரீரம் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். முதலில் மாதவிலக்கை நிறுத்தும். அது நின்றால் எலும்பைக் காக்கிற ஹார்மோன் குறையும். அப்புறம் விரிசல் வரவில்லையென்றால்தான் ஆச்சரியம். இதற்கென்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆண்களுக்கும் இந்தக் கேடு உண்டு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். 2023-இல் அதைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள். மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண், 17 வயதில் உலகமே வியந்த ஓட்டக்காரி, 2019-இல் வாய்திறந்தாள்: இளை, இளை என்று துரத்தினார்கள், மூன்று வருஷம் விலக்கு நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன. நம் ஊரில் எத்தனை அம்மாக்களுக்குத் தங்கள் பெண்ணுக்கு விலக்கு நின்று போனது தெரியும்? தெரிந்தாலும் எத்தனை பேர், 'ஓடுகிறாள் அல்லவா, அப்படித்தான் இருக்கும்' என்று சும்மா இருக்கிறார்கள்? என் அக்காள் அப்படித்தான் இருந்தாள். விடுதிச் சாப்பாட்டில் காலையில் இரண்டு இட்டிலி. அதற்கு முன்னால் பத்துக் கிலோமீட்டர். கணக்கு எங்கே சரிக்கட்டும்? கேழ்வரகும் பாலும் முட்டையும் கொஞ்சம் வெயிலும் வாங்கித் தர வக்கில்லாதவர்கள் வீரத்தை மட்டும் மலிவு விலையில் விநியோகிக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் ஒரு பக்கத்து ஆசாமிகளை வைதேன். எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதையும் விட்டுவைக்கிற உத்தேசம் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டதும் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களைச் சொல்கிறேன். 'அப்போதே சொன்னேன்' என்று ஆரம்பிக்காதவர் ஒருவரும் இல்லை. மாவுக்கட்டா, புத்தூர்க்கட்டா என்று அரைமணி நேரம் விவாதித்தார்கள். கட்டே வேண்டியதில்லை, பாரத்தைக் குறைத்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றதும், 'கட்டு இல்லாமல் என்ன முறிவு?' என்று அவர்களுக்கும் அந்த மாஸ்டருடைய சந்தேகமே வந்துவிட்டது. கடைசியில் ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார்: 'பெண் பிள்ளைக்கு ஓட்டமென்ன? ஓட்டத்தை விட்டுவிடு அம்மா. நாளைக்குக் காலை வளைத்துக்கொண்டு வந்தால் யார் கட்டிக்கொள்வான்?' கூடவே என் பக்கம் திரும்பி, 'உனக்கும் நாற்பது தாண்டியாயிற்று, கடற்கரையில் ஓடுகிறாயாமே?' என்றார்.

இவர்கள் அந்த மாஸ்டருக்குச் சளைத்தவர்களல்ல. அவர் எலும்பை நம்பாமல் ஓடச் சொன்னார். இவர்கள் எலும்பை நம்பாமல் உட்காரச் சொல்லுகிறார்கள். 1892-இலேயே ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய வைத்தியர் எழுதி வைத்துவிட்டார்: எலும்பு தன்மேல் விழுகிற பாரத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது என்று. பாரமே இல்லாமல் படுக்கப் போட்டால் அது மெலிந்துதான் போகும். ஓட்டத்தை நிறுத்துவது சிகிச்சையின் முதல் பாதி. மறுபடி ஓட வைப்பது இரண்டாம் பாதி. பாதியில் விட்டுவிட்டு அதை விவேகம் என்று சொல்லிக்கொள்வது நம் மத்தியதரக் குடும்பங்களின் பழைய வியாதி. சங்கீதம், படிப்பு, காதல், எல்லாவற்றிலும் முதல் அடி பட்டதும் 'விட்டுவிடு' என்பதுதானே நம் உபதேசம்! பீஜிங்கில் பாதம் முறிந்து விழுந்த டீனா காஸ்டரிடம் அவருடைய பெரியப்பா யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2015-இல் தம்முடைய 42-ஆவது வயதில் சிகாகோவில் 2 மணி 27 நிமிஷம் 47 விநாடியில் மாரத்தான் ஓடி, நாற்பது வயது தாண்டிய அமெரிக்கப் பெண்களுக்குள் சாதனை படைத்தார் அந்த அம்மாள். நாற்பதுக்குமேல் ஓடுவதைப் பற்றி என்னைக் கேட்ட பெரியவருக்கு இதையே என் பதிலாக வைத்துக்கொள்ளட்டும்.

திரும்பி வருவது என்பது என்ன என்று நான் அந்த ஆறு மாதமும் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் ஏழு வாரம் ஓட்டம் கிடையாது. ஆரம்பத்தில் ஊன்றுகோல். வலி நின்றபின் நடை. நீச்சல் குளத்தில், இடுப்பில் மிதவையைக் கட்டிக்கொண்டு, தரை தொடாத ஆழத்தில் ஓடுகிற மாதிரி கால்களை அசைப்பது. இருதயமும் நுரையீரலும் சோடை போகாமல் இருக்க அது போதும். பார்க்கத்தான் கொஞ்சம் தவளை மாதிரி இருக்கும்.

அரைமணி நேரம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிகிறது, விரலால் அழுத்தினாலும் அந்த இடம் நோகவில்லை என்று ஆனபிறகுதான் டாக்டர் ஓட அனுமதித்தார். ஓட்டம் என்றால் என்ன ஓட்டம்! நாலு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் ஓட்டம். அப்படி ஐந்து தடவை. மறுநாள் ஓடக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலியில்லை என்றால் அடுத்த வாரம் மூன்று நிமிஷம் நடை, இரண்டு நிமிஷம் ஓட்டம். பழைய இடத்தில் வலி தலைகாட்டினால் நிறுத்திவிட்டு, அது அடங்கியபின் முந்தின படிக்கு இறங்கிவிட வேண்டும். தூரத்தையும் வேகத்தையும் ஒரே சமயத்தில் கூட்டவே கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான சூத்திரமல்ல. எந்த எலும்பு, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். சில எலும்புகள் மூன்று மாதம், நாலு மாதம்கூடக் கேட்கும்.

இதில் கஷ்டமான கட்டம் எது தெரியுமா? வலிக்கிற கட்டமல்ல. வலி போன பிற்பாடு வருகிற கட்டம். குளத்தில் பயிற்சி செய்த மூச்சு தயாராக இருக்கிறது. தசை சில வாரங்களில் பழைய இறுக்கத்துக்கு வந்துவிடுகிறது. 'ஓடு, ஓடு' என்கிறது சரீரம் முழுவதும். எலும்பு ஒன்றுதான் இன்னும் தயாராகவில்லை. அதற்கு வாய் கிடையாது. ஒரு தடவை விரிசல் கண்டவர்களுக்கு இன்னொரு தடவை வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். ஒரு நிமிஷம் ஓடிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, நன்றாக ஓட முடிகிற கால்களை வேண்டுமென்றே நிறுத்தி, நடக்க வேண்டும். அதுவும் எங்கே? அதே மைதானத்தில். முப்பது பேரும் பக்கத்தில் பறந்துகொண்டிருக்க. சுற்றுச் சுவரில் உட்கார்ந்திருக்கிற பையன்கள், 'என்ன, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா?' என்று கேட்க.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நடந்தாள். நான் பார்த்தேன். முகம் சிவந்துவிட்டது, கடிகாரத்தில் நாலு நிமிஷம் ஆகும்வரை ஓர் எட்டுக்கூட ஓடவில்லை. யாரும் படம் பிடிக்கவில்லை. எந்தப் புண்ணியவானும் பின்னணி வாத்தியம் சேர்க்கவில்லை. நடக்கிறவளைப் படம் பிடித்து யார் பார்ப்பார்கள்? தவழ்ந்தால், ரத்தம் வந்தால், அப்போது சொல்லுங்கள், வருகிறோம் என்கிறது ஊர்.

அவள் இப்போது ஓடுகிறாள். ஆனால் அவள் தவறவிட்ட போட்டிகளைக் கணக்குப் பார்த்து, விளையாட்டில் ஊக்கம் காட்டவில்லை என்று அவளுடைய பெயருக்கு நேரே எழுதி, விடுதி இடத்தைப் பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டிருப்பவர் அந்த மாஸ்டர்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கதையாக எழுதியிருந்தால் நீங்கள் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள்.

கல்லூரிகளை நான் கேட்பது பெரிய சமாசாரம் எதுவும் அல்ல. பரீட்சைக்கு முந்தின நாள் பைக்கிலிருந்து விழுந்து கையில் மாவுக்கட்டோடு வருகிற பையனுக்கு எழுத ஆள் கொடுக்கிறீர்கள். கட்டு வெளியே தெரிகிறது. ஆகவே இரக்கம் வருகிறது. கட்டு இல்லாத முறிவுக்கும், டாக்டர் சீட்டைப் பார்த்து, அதே மரியாதை கொடுங்கள். எலும்பு கூடுகிற மாதங்களை ஓடாத மாதங்கள் என்று எழுதாதீர்கள். ஓரிடத்தில் வலிக்கிறது என்று இரண்டாம் முறை சொல்லுகிற பிள்ளையை மூன்றாம் முறை சொல்ல வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் ஸ்கானுக்கு அனுப்புங்கள். அந்தச் செலவை அவளுடைய தகப்பனார் தலையில் போடாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிரின்ஸிபால் அறைக்கு வெளியே, கோப்பைகளை அடுக்கி வைக்க, விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரி ஒன்று புதிதாகச் செய்திருப்பதை நானே பார்த்தேன். அதில் இடது பக்கம் இரண்டாம் தட்டில் இருக்கிற கோப்பை அந்தப் பெண் வாங்கிக் கொடுத்தது.